அணில் பிள்ளைகளுக்குக் காவல்

குழந்தைகளே! நம் நன்னிலம் பக்கம் வைக்கோல் போரில் பூனை குட்டி போட்டால் பார்க்க ஓடுவீர்கள்தானே? கண் திறக்காத குட்டிகள் தாயின் சூடு இல்லாமல் பிழைப்பது கஷ்டம். அணில் பிள்ளைகளும் அப்படித்தான்.

1879ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷி, 16 வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர். அணில், குரங்கு, நாய் எதையும் 'அது' என்று சொல்லமாட்டார். அவன், அவள் என்றே பேசுவார்.

ஒருமுறை ஆசிரமத்தில் ஒரு தாய் அணிலைப் பூனை தின்றுவிட்டது. பூனைக்கும் பசிதானே! ஆனால் அணில் பிள்ளைகள் அநாதையாயின. ரமணரே பொறுப்பேற்று அவற்றுக்கு உணவூட்டினார். கூட்டைவிட்டு அவை நழுவி நழுவி வெளியே வரும், வெளியிலோ பூனை! எத்தனை முறை வந்தாலும் எடுத்து உள்ளே விடுவார்.

ரமணர் 1950ல் மறைந்தார். அவரது ஆசிரமத்தில் பசு லட்சுமிக்கும், ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும்கூட சமாதிகள் இன்றும் இருக்கின்றன.