ஹான்ஸ் செல்யே

ஹான்ஸ் செல்யே (ஜனவரி 26, 1907 – அக்டோபர் 16, 1982) ஹங்கேரிய, கனடிய மருத்துவ அறிஞர் ஆவார். ஸ்ட்ரெஸ் என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு இன்று வழங்கும் மருத்துவப் பொருளைத் தந்தவர் இவரே. தமிழில் இது மன அழுத்தம் எனப்படுகிறது. எனினும் செல்யே ஆராய்ந்தது மனத்தை அன்று, உடலையே. நீடித்த அழுத்தம் நினைவாற்றலையும் மனநிலையையும் எவ்வாறு தாக்குகிறது என்பது பெரும்பாலும் இவருக்குப் பின் வந்தோரால் அறியப்பட்டது.

இளமை

வியன்னாவில் பிறந்து கோமாரோம் நகரில் வளர்ந்தார். தந்தை ஹங்கேரியப் படை மருத்துவர். பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பயின்று 1929இல் மருத்துவப் பட்டம் பெற்றார். வெவ்வேறு நோய் கண்டவர்களிடமும் சோர்வு, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவை பொதுவாக இருப்பதை மாணவப் பருவத்திலேயே கவனித்தார். 1931இல் அமெரிக்காவுக்கும், 1932இல் மாண்ட்ரியாலில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார்.

எலி ஆய்வுகள்

புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவற்றின் அட்ரீனல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் தோன்றியது. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டதாகவே எண்ணினார். ஆனால் ஃபார்மலினைச் செலுத்தியபோதும் இதே மாற்றங்கள் நிகழ்ந்தன. கடுங்குளிர், மிகையான உடலுழைப்பு, அறுவைக் காயம் ஆகியவையும் அவ்வாறே செய்தன. தேடிய ஹார்மோன் பொய்த்துப்போன இடத்தில்தான் இவரது கண்டுபிடிப்பு தொடங்கியது எனலாம். எத்தகைய தீங்கு நேரினும் உடல் ஒரு பொதுவான முறையில் எதிர்வினை ஆற்றுகிறது என 1936 ஜூலையில் நேச்சர் இதழில் சிறு கடிதமாக வெளியிட்டார். எச்சரிக்கை, எதிர்ப்பு, சோர்ந்து வீழ்தல் என அதற்கு மூன்று நிலைகளை வகுத்தார்.

ஸ்ட்ரெஸ் என்ற சொல் இயற்பியலில் இருந்து பெறப்பட்டது. பொறியியல் மாணவர்கள் தகைவு, திரிபு என இரண்டைப் பிரித்து அறிவர். உடலில் ஏற்படும் விளைவைக் குறிக்க இரண்டாவதே பொருந்தியிருக்கும் எனச் செல்யே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

நினைவும் மனநிலையும்

நெருக்கடியின் உளவியல் கூறுகளைச் செல்யே போதிய அளவு கருதவில்லை என ஜான் மேசன் குறை கூறினார். 1968இல் புரூஸ் மெக்யூவன் குழுவினர், அட்ரீனல் ஹார்மோன் எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சேர்வதைக் கண்டனர். நினைவுகள் உருவாக இன்றியமையாத பகுதி இது. அதுவரை உடலின் செய்தியாக இருந்த அழுத்தம் இங்குதான் மூளைக்குள் நுழைந்தது. நீடித்த அழுத்தத்தில் அப்பகுதி நரம்பணுக்களின் கிளைகள் சுருங்குவதும், அழுத்தம் நீங்கினால் அவை மீள்வதும் எலிகளில் பின்னர் அறியப்பட்டன. மணங்களை முதலில் பெறும் மூளைப் பகுதியான முகர்குமிழை அகற்றிய எலிகளிலும் அட்ரீனல் ஹார்மோன் மிகுதல், நினைவுக் குறைபாடு, அமைதியின்மை ஆகியவை காணப்படுகின்றன. உளச்சோர்வு மருந்துகளைச் சோதிக்க இவ்வெலிகள் பயன்படுகின்றன.

பிற்காலம்

1945இல் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நிறுவனம் ஒன்றின் தலைவரானார். 1956இல் பொதுமக்களுக்காக எழுதிய நூல் பெரும் புகழ் பெற்றது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் பெறவில்லை. புகையிலை நிறுவனங்களிடம் ஆய்வு நிதி பெற்ற செல்யே, 1969இல் கனடிய நாடாளுமன்றக் குழு முன் அத்தொழிலுக்குச் சாதகமாகச் சாட்சியம் அளித்தார். இத்தொடர்பின் முழு அளவு, 1998க்குப் பின் வெளியான அந்நிறுவனங்களின் ஆவணங்கள் மூலமே தெரியவந்தது.