48 வயதில் கற்ற கலை

திருப்பதி மலையில் குழந்தைக்கு முடியிறக்கிய குடும்பத்தார், கீழே வந்ததும் ஒரு புகைப்பட நிலையத்துள் நுழைந்து படம் எடுத்துக்கொள்வது நெடுநாள் வழக்கம். சந்தனம் பூசிய மொட்டைத் தலையும் மிரண்ட விழிகளுமாய்க் குழந்தை. அதன் பின்னே விறைப்பாக நிற்கும் தாத்தா, பாட்டி. இத்தகைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் உண்டு. முகத்தை ஒளியாலும் நிழலாலும் மட்டுமே தீட்டும் இக்கலையை 48 வயதில் கற்கத் தொடங்கி உலகப் புகழ் எய்தியவர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். பாரதத்தில் பிறந்து, இலங்கையில் தமிழ்த் தொழிலாளரையும் படம் பிடித்து, அம்மண்ணிலேயே உறங்கும் அவரது வாழ்க்கை நாம் அறியத்தக்கது.

அம்மையார் 1815-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர்; தாய் பிரெஞ்சுக் குலத்தவர். 1836-இல் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது ஜான் ஹெர்ஷல் என்னும் வானியல் அறிஞரின் நட்பு வாய்த்தது. கல்கத்தாவில் இருந்த அம்மையாருக்கு 1842-இல் சில படங்களை அனுப்பி, புதிதாகப் பிறந்திருந்த புகைப்படக் கலையை அறிமுகம் செய்தவர் அவரே. 1838-இல் அம்மையார் மணந்த சார்லஸ் ஹே கேமரன், இந்திய சட்டத் தொகுப்புப் பணியிலும் இலங்கையின் நீதிமுறைச் சீர்திருத்தத்திலும் பங்கு கொண்டவர். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் வாங்கியவர்.

1848-இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. 1860 முதல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில் வாழ்ந்தனர். 1863 டிசம்பரில், கணவர் இலங்கைத் தோட்டங்களைக் காணச் சென்றிருந்தார். தாயின் தனிமைக்குத் துணையாகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர்.

கற்றுக்கொடுக்க ஆசான் எவரும் உடனில்லை. நிலக்கரி போட்டுவைத்த அறை இருட்டறை ஆயிற்று. கண்ணாடி வேய்ந்த கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடம் ஆயிற்று. அக்காலத்து முறையோ கடினமானது. கண்ணாடித் தகட்டில் கொல்லோடியன் என்னும் பசைத் திரவத்தைச் சீராகப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் எடுத்து, உடனே கழுவித் துலக்க வேண்டும். தூசி பட்டாலும் கெட்டது. விரல் பட்டாலும் கெட்டது. ஓர் உழவரை மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி அமரவைத்து எடுத்த முதல் படத்தையே, ஈரப் பக்கத்தில் கை உரச, அம்மையார் அழித்துவிட்டார். மனம் தளரவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்றாக அமைந்தபோது, பரிசு கொடுக்க வீடெங்கும் பொருள் தேடி மகிழ்ந்தார்.

படத்திற்கு அமர்ந்தவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டும். சற்றே அசைந்தால் உருவம் கலங்கும். கூர்மை குறைந்த படங்கள் என்று தொழில் தேர்ந்தோர் எள்ளினர். அம்மையாரோ சட்டைப் பொத்தானின் கூர்மையை நாடவில்லை. முகத்தில் தோன்றும் உள்ளத்தை நாடினார். ஒரு பக்கத்து ஒளியை மட்டும் முகத்தில் விழச் செய்து, மற்றதை இருளில் ஆழ்த்தினார். 1865-இல் இலண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. 1867-இல் ஹெர்ஷலும், 1868-இல் டார்வினும் அவர் முன் அமர்ந்தனர். மேதைகளைப் பார்த்த அதே கண்ணால் தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரையும் பார்த்தார். அப்பெண் பல படங்களில் தெய்வ அன்னையாகக் காட்சி தருகிறாள். அவள் பெயரும் நிலைத்துவிட்டது.

1875-இல் கணவரும் மனைவியும் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். முதுமையை எண்ணித் தமக்குரிய சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிச் சென்றனர்! 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அரித்துக்கொண்டிருந்த காலம் அது. வெப்பத்திலும் பிற இடர்களிலும் படத்தொழில் சுருங்கியது. இலங்கையில் எடுத்தவற்றுள் 30-க்கும் குறைவான படங்களே எஞ்சின. களுத்துறை ஊர் மக்களும், தோட்டத்தில் உழைத்த தமிழரும் அவற்றில் நிற்கின்றனர். நிமிர்ந்த பார்வை, கனத்த மௌனம். எவர் முகமும் இழிவாகக் காட்டப்படவில்லை.

ஆயினும் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. 1878-இல் எடுத்த களுத்துறைப் படமொன்றில், சிறுமிக்கு வயது 12 என்றும், அவளுடைய தந்தையென்று கூறும் முதியவர் தமக்கு வயது 100 என்கிறார் என்றும் குறித்துவைத்த அம்மையார், அவர்கள் பெயரைக் குறிக்கவில்லை. பணிப்பெண் மேரியை உலகம் பெயர் சொல்லி அழைக்கிறது. கடல் கடந்து உழைத்த நம்மவரின் முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

1879 ஜனவரி 26-ஆம் நாள், டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் காலமானார். மறு ஆண்டு கணவரும் மறைந்தார். இருவரும் பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் துயில்கின்றனர்.

வயது கடந்துவிட்டதென்று கலை கற்க அஞ்சுவோர்க்கு அம்மையார் வாழ்க்கை ஓர் ஊக்கம். அவர் விட்ட குறை நமக்கு ஒரு பாடம். ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்களில், முதியோர் மறைந்தபின் படத்திலிருப்பவர் யாரென்று சொல்ல ஆளிருப்பதில்லை. ஆண்டு விழா முடிந்து இல்லம் திரும்பியதும் சுவரிலுள்ள பழைய படங்களை இறக்குவோம். பாட்டியிடம் கேட்டு, ஒவ்வொரு முகத்தின் பெயரையும் சொந்த ஊரையும் பின்புறம் எழுதி வைப்போம்.