ஆலைகளின் நகரில் அம்பேத்கர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாயின் பரேல் பகுதிக்கு அடையாளமாக நின்றவை பஞ்சாலைகளின் புகைபோக்கிகளே. மழை பொய்த்தும் நிலம் இழந்தும் கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்தோர் அவ்வாலைகளைச் சுற்றிக் குடியேறினர். அவர்கள் வாழ்ந்த அடுக்குக் கட்டடங்களுக்குச் ‘சால்’ என்று பெயர். நீண்ட தாழ்வாரம், அதன் ஓரமாக வரிசையாக ஒற்றை அறைகள், எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான குழாய், பொதுவான கழிப்பிடம். படைப்பிரிவில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற இராம்ஜி சக்பாலின் குடும்பமும் அத்தகைய ஓர் அறைக்கே வந்து சேர்ந்தது. சமையலும் உறக்கமும் படிப்பும் அவ்வோர் அறைக்குள்தான். இருவர் ஒருசேரப் படுக்க இடமில்லாமையால், தந்தை பின்னிரவு இரண்டு மணி வரை விழித்திருந்து, மகன் பீமராவைப் படிக்க எழுப்பிவிட்டு, அவன் படுத்திருந்த இடத்தில் தாம் உறங்குவாராம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மாவ் படைமுகாமில் பிறந்த பீமராவ், இல்லாமையை இவ்வாறு அறைக்குள்ளேயே கண்டு வளர்ந்தார். 1907இல் மெட்ரிகுலேஷன் தேர்விலும், 1912இல் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளியலும் அரசியலும் பயின்று இளங்கலைத் தேர்விலும் வென்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் வழங்கிய உதவித்தொகை 1913இல் அவரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அழைத்துச் சென்றது. பின்னர் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்றார். இந்தியாவின் நிதிமுறையையும் ரூபாயின் மதிப்பையும் ஆராய்ந்த நூல்கள் அப்படிப்பின் விளைவுகள். இந்நாளில் அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவராகவே பெரிதும் அறியப்படும் அவர், முதற்கண் ஒரு பொருளியல் அறிஞர் என்பதைப் பலரும் மறந்துவிடுகின்றனர்.

உதவித்தொகையின் நிபந்தனைப்படி 1917இல் அவர் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். உயர்ந்த பதவி, கையில் அமெரிக்கப் பட்டம். ஆயினும் அலுவலகப் பணியாளர்கள் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமீது எறிந்துவிட்டுப் போயினர். ஊரில் வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தம் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். சில நாட்களிலேயே தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. கல்வியும் ஊதியமும் ஒருவரின் வகுப்பை உயர்த்தினாலும் சாதியின் தளையை அறுப்பதில்லை என்பதைப் பரோடா அவருக்குக் காட்டிற்று.

பம்பாய் திரும்பியபின் 1918இல் இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் குறித்து ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். நிலங்கள் துண்டுதுண்டாகக் கிடப்பதே உழவரின் வறுமைக்குக் காரணம், அவற்றை ஒன்று சேர்த்தால் போதும் என்பது அக்காலத்தில் பலரும் கூறிய தீர்வு. அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. நிலத்தின் பரப்பு மட்டும் பயன் தராது. அதில் இடும் முதலும் கருவியும் உழைப்பும் தம்முள் பொருந்த வேண்டும். வேறு பிழைப்பின்றி நிலத்தையே பற்றிக்கொண்டிருக்கும் மிகுதியான மக்களுக்குத் தொழில்துறை வேலை தராத வரையில், நிலத்தை எப்படி அளந்து பிரித்தாலும் வறுமை நீங்காது என்று அவர் வாதிட்டார். இருபத்தேழு வயதில் எழுதிய இக்கட்டுரையின் கருத்து, அவருடைய பிற்காலத் திட்டங்கள் பலவற்றுக்கும் வேராயிற்று.

எனினும் தொழிற்சாலை என்பது தன்னளவில் சமத்துவத்தைக் கொண்டுவந்துவிடுமா? அவ்வினாவுக்குரிய விடை பரேலின் ஆலைகளுக்குள்ளேயே இருந்தது. நூற்புப் பிரிவில் தாழ்த்தப்பட்ட மக்கள் பலர் வேலை செய்தனர். ஆனால் கூலி மிகுந்த நெசவுப் பிரிவின் வாயில் அவர்களுக்கு அடைத்தே கிடந்தது. காரணம் மிகச் சிறியது. ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்ததும், நெசவாளர் புதிய தாரை நாடாவில் பொருத்தி, அதன் சிறு துளை வழியே நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒருவர் வாய்பட்ட நாடாவை மற்றொருவரும் பயன்படுத்த நேரும். ஆகவே தாழ்த்தப்பட்டவர் அருகில் நின்று தறி ஓட்டுவதைப் பிற சாதித் தொழிலாளர்கள் பொறுக்கவில்லை. ஒரே முதலாளி, ஒரே சங்கு, ஒரே கூரை. எனினும் எச்சிலின் அச்சம் ஒரு சாராரின் ஊதியத்தை வாழ்நாள் முழுதும் குறைத்துவிட்டது.

1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஒன்றரை இலட்சம் பேர் ஏறத்தாழ ஆறு திங்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பொதுவுடைமையர் முன்னின்று நடத்திய அப்போராட்டத்தின் கோரிக்கைகளில் நெசவுப் பிரிவின் தடையை நீக்குவதையும் சேர்க்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தினார். சங்கத் தலைவர்கள் தயங்கியே அதற்கு இணங்கினர். கூலிக்குறைப்பை எதிர்த்துத் தோளோடு தோள் நின்றவர்களால், தம்முள் நிலவிய தடையை எதிர்த்து அவ்வளவு எளிதில் நிற்க முடியவில்லை. இக்கசப்பு அம்பேத்கரின் சிந்தனையில் ஆழப் பதிந்தது. தொழிற்பகுப்பே சாதி என்று விளக்கம் தந்தோருக்கு, அது தொழிலாளர்களையே ஒருவர்மேல் ஒருவராக அடுக்கி வைக்கிறது என்று அவர் பின்னர் விடையளித்தார். அதே வேளையில், சாதி ஒழிந்தால் வறுமை தானே ஒழியும் என்றும் அவர் கருதினாரல்லர்.

1936இல் அவர் தோற்றுவித்த கட்சியின் பெயரே இதற்குச் சான்று. சுதந்திரத் தொழிலாளர் கட்சி என்பது அதன் பெயர். மறு ஆண்டு பம்பாய் மாகாணத் தேர்தலில் அது 17 இடங்களில் போட்டியிட்டுப் பெரும்பாலானவற்றில் வென்றது. கொங்கணப் பகுதியில் ‘கோத்’ எனப்படும் இடைத்தரகர்கள் அரசுக்கு வரி செலுத்தும் பொறுப்பை ஏற்று, உழுவோரிடம் விருப்பம்போல் பிடுங்கி வந்தனர். இம்முறையை ஒழிக்க 1937இல் அம்பேத்கர் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். 1938 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் பம்பாய்ச் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலமாக வந்தனர். அவர்களுள் தாழ்த்தப்பட்டோரும் இருந்தனர். குன்பி போன்ற பிற சாதிக் குத்தகையாளரும் இருந்தனர். மசோதா அப்போது நிறைவேறவில்லை. கோத் முறை விடுதலைக்குப் பின்னரே சட்டத்தால் நீங்கியது.

அதே ஆண்டு பிப்ரவரியில் மன்மாடு நகரில் இரயில்வேயின் தாழ்த்தப்பட்ட தொழிலாளர் மாநாடு கூடியது. அங்கு அவர் எடுத்துக்காட்டிய செய்தி ஒன்று இன்றும் சிந்திக்கத்தக்கது. இருப்புப்பாதை செப்பனிடும் கடும்பணியில் தாழ்த்தப்பட்டோர் ஏராளமாக இருந்தனர். நிலையத்தில் சுமைதூக்கும் போர்ட்டர் வேலை மட்டும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. நிலைய அதிகாரி போர்ட்டரைத் தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்துவார். தீண்டத்தகாதவராகக் கருதப்பட்டவரை வீட்டுக்குள் எப்படி அனுமதிப்பார்? உழைப்பாளருக்குப் பகை இரண்டு என்றும், முதலாளியம் ஒன்று, பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பார்ப்பனியம் மற்றொன்று என்றும் அம்மாநாட்டில் அவர் விளக்கினார். ஒரு சாதியினரை அன்று, எல்லாச் சாதியினரிடமும் ஊடுருவியிருந்த சமத்துவ மறுப்பையே அப்பெயரால் தாம் குறிப்பதாகவும் தெளிவுபடுத்தினார். அவ்வாண்டு நவம்பர் 7ஆம் நாள், வேலைநிறுத்த உரிமையைக் குறுக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, முன்பு தாம் கடிந்துரைத்த பொதுவுடைமையருடனேயே சேர்ந்து ஒரு நாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

1942 சூலையில் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் வந்தது. நாள் ஒன்றுக்குப் பதினான்கு மணி நேரமாக இருந்த வேலையை எட்டாகக் குறைத்தவர் அவர் என்று மேடைகளில் கூறப்படுவதுண்டு. அது மிகைக்கூற்று. 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வேலைநேரம் வாரத்திற்கு 54 மணி. அவர் காலத்தில் கொண்டுவரப்பட்டு 1946இல் நிறைவேறிய திருத்தம் அதனை 48 ஆக்கியது. ஆறு மணி நேரம் சிறிது போலத் தோன்றலாம். தறியருகே நின்றவருக்கு அது சிறிதன்று. குறைந்தபட்ச ஊதியத்திற்கான மசோதாவும் அவர் காலத்தில்தான் அறிமுகமாயிற்று, 1948இல் சட்டமாயிற்று.

அப்பொறுப்பில் அவர் விமரிசனத்திற்கும் ஆளானார். போர்க்கால நிலக்கரித் தட்டுப்பாட்டின்போது, பெண்கள் நிலத்தடிச் சுரங்கத்தில் வேலை செய்வதற்கு இருந்த தடையை 1943இல் அரசு தளர்த்தியது. சட்டமன்றத்தில் கண்டனம் எழுந்தபோது, துறையின் உறுப்பினர் என்ற முறையில் அம்முடிவை ஆதரித்துப் பேச வேண்டியவர் அவரே. ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் என்ற விதியை அவர் சுட்டிக்காட்டினார். ஆயினும் நெருக்கடி என்ற பெயரில் ஏழைப் பெண்களே இருளுக்குள் இறங்க நேர்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1946இல் தடை மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1947இல் அரசமைப்பு அவையின் பார்வைக்கென அவர் ஆயத்தம் செய்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ என்னும் அறிக்கை அவரது பொருளியல் கனவின் முழு வடிவம். முதன்மைத் தொழில்களும் காப்பீடும் அரசுடைமையாக வேண்டும். வேளாண்மையும் அரசின் தொழிலாகி, நிலம் ஊரார் கூட்டாகப் பயிரிடுவதற்குத் தரப்பட வேண்டும். நிலக்கிழாரும் குத்தகையாளரும் நிலமற்ற கூலியும் என்னும் வேறுபாடே எழாதபடி இதனை அரசமைப்பிலேயே எழுதிவிட வேண்டும் என்றார். தேர்தலில் வெல்லும் கட்சி மாறினால் இத்திட்டமும் மாறிவிடக் கூடாது என்பதே அவர் கருதிய காரணம். இத்திட்டம் ஏற்கப்படவில்லை. பொருளியல் நீதி பற்றிய கருத்துகள், நீதிமன்றத்தால் வலியுறுத்த இயலாத வழிகாட்டு நெறிகளாகவே அரசமைப்பில் இடம்பெற்றன. அவ்வரசமைப்பின் வரைவுக் குழுத் தலைவரும் அவரே.

1949 நவம்பர் 25ஆம் நாள் அவையில் அவர் ஆற்றிய நிறைவுரை வெற்றிக் களிப்பில் பிறந்ததன்று. வருகின்ற சனவரி 26 முதல் நாடு ஒரு முரண்பாட்டுக்குள் அடியெடுத்து வைக்கப்போகிறது. வாக்குச் சாவடியில் எல்லாரும் சமம், வாழ்க்கையிலும் வருவாயிலும் சமமில்லை. இம்முரண்பாட்டை நீளவிட்டால், துன்புறுவோரே இந்த மக்களாட்சிக் கட்டமைப்பைத் தகர்த்துவிடுவர் என்று உறுப்பினர்களை எச்சரித்தார்.

1956 டிசம்பர் 6ஆம் நாள் தில்லியில் அவர் உறக்கத்திலேயே மறைந்தார். உடல் விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டது. புத்தகங்களுக்காகவே பெரிதாகக் கட்டிய அவரது ‘ராஜகிருகம்’ பரேலை அடுத்த தாதரில் உள்ளது. மறுநாள் அங்கிருந்து புறப்பட்ட இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கானோர் நடந்தனர். தாதர் கடற்கரையில் உடல் எரியூட்டப்பட்டது.