டாங்கிக்கு வித்திட்டவர்

1941 டிசம்பர் 11. கெடாவில் கனத்த மழை. சாங்லூனிலிருந்து ஜித்ராவுக்குச் செல்லும் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் உருண்டு வந்தன. அங்குக் காவல் நின்ற இந்தியப் படைவீரர்களுள் பலர் அதுவரை டாங்கியைக் கண்டதே இல்லை. மழைக்காக ரப்பர் மரங்களின் அடியில் ஒதுங்கியிருந்த பீரங்கிப் படையினர் எழுந்து ஓடி வருவதற்குள் அரண் உடைந்தது. மலாயாவைக் காத்த பிரிட்டிஷ் படையிடம் அன்று ஒரு டாங்கிகூட இல்லை. இத்தனைக்கும் டாங்கியை முதன்முதலில் போர்க்களத்தில் இறக்கிய நாடு பிரிட்டன்தான். அதற்கு வித்திட்டவர்களுள் முக்கியமானவர் எர்னஸ்ட் சுவிண்டன்.

சுவிண்டன் 1868ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். 1888இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறியியல் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது, போர்ச் செய்திகளை எழுதுவதற்காகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே முள்கம்பி வேலிகளைக் கடக்க முயன்ற வீரர்கள் இயந்திரத் துப்பாக்கிகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் பலியாவதை அறிந்து மனம் வருந்தினார். சக்கரங்களுக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து, கரடுமுரடான நிலத்திலும் செல்லும் இழுவை இயந்திரம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. அதற்கு இரும்புக் கவசம் அணிவித்துத் துப்பாக்கிகளைப் பொருத்தினால் என்ன என்று எண்ணினார்.

இத்திட்டத்தை இராணுவத் தலைமை எளிதில் ஏற்கவில்லை. போர் அமைச்சர் கிட்சனர் பிரபு அதில் நாட்டம் காட்டவில்லை. 1915 பிப்ரவரியில் நடந்த சோதனையில் இழுவை இயந்திரம் சேற்றில் சிக்கியது. இராணுவம் அம்முயற்சியைக் கைவிட்டது. எனினும், கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில் அதே மாதம் ஒரு குழுவை அமைத்துப் பணியைத் தொடரச் செய்தார். டிரிட்டன், வில்சன் ஆகிய பொறியாளர்கள் ஊர்தியை உருவாக்கினர். இரகசியம் காக்க, அது நீர்த்தொட்டி எனக் கூறப்பட்டது. அதனால்தான் அதற்கு டாங்கி என்னும் பெயர் வந்தது.

போதிய எண்ணிக்கையில் டாங்கிகள் சேர்ந்த பிறகே அவற்றைக் களமிறக்க வேண்டும் என்று சுவிண்டன் வலியுறுத்தினார். தளபதிகள் காத்திருக்கவில்லை. 1916 செப்டம்பர் 15இல் நடந்த தாக்குதலுக்கு 49 டாங்கிகளே ஒதுக்கப்பட்டன. அவற்றுள் பல வழியிலேயே பழுதாகி நின்றன. சில வாரங்களில் சுவிண்டன் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ஆனால், 1917 நவம்பரில் கம்ப்ரே போர்க்களத்தில் 400க்கும் மேற்பட்ட டாங்கிகள் ஒன்றாக முன்னேறி எதிரியின் அரணைப் பிளந்தன. அவர் சொன்னது சரியென அன்று புலப்பட்டது.

போருக்குப் பின் சுவிண்டன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் போர் வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றினார். 1951இல் மறைந்தார்.

ஜித்ரா அரண் வீழ்ந்தபோது அவருக்கு வயது 73. மலாயாவின் காடுகளும் தோட்டங்களும் டாங்கிகளுக்கு ஏற்றவையல்ல என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் பலர் நம்பியிருந்தனர். ஆனால், ரப்பர் தோட்டங்களின் ஊடே சென்ற நல்ல தார்ச்சாலைகளே ஜப்பானிய டாங்கிகளுக்கு வழியாயின. புதியதைச் சோதித்துப் பார்க்கும் முன்பே ஒதுக்குபவர்களின் பிழைக்கு, பெரும்பாலும் களத்தில் நிற்கும் எளியவர்களே விலை கொடுக்கின்றனர்.