ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - ஜனவரி 4, 1974) தமிழகத்தைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். முறையான பொறியியல் கல்வி பெறாத இவர், மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் பூட்டி இயந்திரவியலைக் கற்கத் தொடங்கினார்.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் நாட்டமின்றித் தொடக்கக் கல்வியோடு நிறுத்திக்கொண்டார்.

மோட்டார் சைக்கிள்

ஊருக்கு வந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அத்தகைய வண்டியை வாங்குவதற்காகவே கோயம்புத்தூர் சென்று உணவகம் ஒன்றில் பரிமாறுபவராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். வாங்கிய வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டினார். பெட்ரோல் எஞ்சினில், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக் உரிய நேரத்தில் பற்றவைக்க வேண்டும். பிளக் முனைகளின் இடைவெளியோ பொறி எழும் நேரமோ பிசகினால் வண்டி சீராக ஓடாது. எனவே, கழற்றியதை முறையாகப் பூட்டுவதே இவருக்குப் பாடமாக அமைந்தது. பின்னர் மெக்கானிக்காகத் தொழில் செய்தார்.

தொழில்

1920-ஆம் ஆண்டு பேருந்து ஒன்றை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். இதுவே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் (யு.எம்.எஸ்.) நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் இவரது பீளமேடு தொழிற்சாலையில் இந்தியாவின் முதல் மின் மோட்டார் உருவானது. மின்கலத்தால் இயங்கும் சவரக் கருவி, மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெய் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி முதலியன இவரது பிற ஆக்கங்களாகும். 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் இருவர் அமரும் பெட்ரோல் காரைத் தயாரிக்க முற்பட்டார். அரசு உரிமம் வழங்காததால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

கல்விப்பணி

அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் 1945-இல் தொடங்கப்பட்ட பொறியியல் கல்லூரிக்கு நிதியளித்து, அதன் முதல்வராகவும் இருந்தார். நான்காண்டுப் படிப்பு நேர விரயம் என்றும் செயல்முறைப் பயிற்சியுடன் இரண்டாண்டுகளே போதும் என்றும் கருதினார். ஆங்கிலேய அரசு இதனை ஏற்காததால் பதவி விலகினார். அக்கல்லூரியே பிற்காலத்தில் கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாயிற்று.

நினைவு

2025-இல் திறக்கப்பட்ட கோயம்புத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்திற்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.