மறதியை ஆராய்ந்த மருத்துவர்

நுழையும்முன்

வீட்டிலுள்ள முதியோர் ஒரு செய்தியைப் பலமுறை கேட்டால் அதனை முதுமையின் இயல்பு என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். சில நேரங்களில் பிடிவாதம் என்று சினம் கொள்ளவும் செய்கிறோம். அத்தகைய மறதிக்குப் பின்னால் மூளையைத் தாக்கும் நோய் ஒன்று இருக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர். அவருடைய வாழ்வை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

அல்சைமர், ஜெர்மனி நாட்டின் பவேரியப் பகுதியிலுள்ள மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் 1864 ஆம் ஆண்டு ஜூன் 14 ஆம் நாள் பிறந்தார். ஆவணப் பதிவு அலுவலராகப் பணியாற்றிய அவருடைய தந்தை, பிள்ளைகளின் கல்வியைக் கருதிக் குடும்பத்துடன் வேறு நகரத்தில் குடியேறினார். பள்ளிக்கல்வியை முடித்த அல்சைமர், பெர்லின், டூபிங்கன், வூர்ட்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்று 1887 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். நுண்ணோக்கியின் வழியே உடலின் நுண்ணிய பகுதிகளைக் காண்பதில் அவருக்கு மாணவப் பருவத்திலேயே பெருவிருப்பம் இருந்தது.

மருத்துவமனைப் பணி

1888 ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் நகரிலிருந்த மனநல மருத்துவமனையில் அவர் பணியில் சேர்ந்தார். மனநோயாளிகளைக் கட்டிவைப்பதும் தனியறையில் அடைப்பதும் பல இடங்களில் வழக்கமாக இருந்த காலம் அது. அம்மருத்துவமனையின் இயக்குநர் எமில் சியோலி அவ்வழக்கத்தை விரும்பவில்லை. அல்சைமர் அவருக்குத் துணைநின்றார். நோயாளிகளைக் கட்டாமல், அவர்களோடு உரையாடிப் பரிவுடன் பேணும் முறையை இருவரும் நடைமுறைப்படுத்தினர்.

அடுத்த ஆண்டில் பிரான்ஸ் நிஸ்ல் என்னும் மருத்துவரும் அங்கு வந்து சேர்ந்தார். மூளையின் மெல்லிய துண்டுகளுக்குச் சாயமேற்றி, நரம்பணுக்களைத் தெளிவாகக் காணும் முறையில் அவர் வல்லவர். பகலில் நோயாளிகளைக் கவனித்த நண்பர்கள் இருவரும், மாலை நேரங்களில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தனர். மனநோய்களுக்கான காரணத்தை மூளையில் தேடுவதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது.

ஒரு நோயாளியின் வரவு

1901 ஆம் ஆண்டு அல்சைமருக்குத் துயரம் நிறைந்த ஆண்டாக அமைந்தது. மூன்று குழந்தைகளை விட்டுவிட்டு அவருடைய மனைவி செசிலி மறைந்தார். அல்சைமரின் சகோதரி குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை ஏற்றார். அல்சைமர் தம் துயரத்தைப் பணியில் மறக்க முயன்றார்.

அவ்வாண்டு நவம்பர் 25 ஆம் நாள், ஆகஸ்ட்டே டெட்டர் என்னும் பெண்மணி அம்மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு வயது 51. நன்றாகக் குடும்பம் நடத்திவந்த அவர், சமைக்கவும் தடுமாறும் நிலையை அடைந்திருந்தார். காரணமின்றிக் கணவர்மீது ஐயம் கொண்டார். பொருள்களை ஒளித்துவைத்தார். தாம் எங்கே இருக்கிறோம் என்பதையும் அவரால் அறிய இயலவில்லை.

அல்சைமர் அவர் அருகில் அமர்ந்து பொறுமையுடன் வினாக்களைக் கேட்டார். கணவரின் பெயரைக் கேட்டபோது, அப்பெண்மணி தம் பெயரையே கூறினார். காட்டிய பொருள்களின் பெயர்களைச் சரியாகச் சொன்னார். எனினும், சற்று நேரத்தில் எவற்றைக் கண்டோம் என்பதை மறந்துபோனார். பெயரை எழுதத் தொடங்கிப் பாதியிலேயே நிறுத்தினார். தம்மையே தொலைத்துவிட்டதாக அவர் வருந்திக் கூறினார். பொருளற்ற பிதற்றல் என்று எதையும் தள்ளிவிடாமல், தம் வினாக்களையும் அவர் தந்த விடைகளையும் அல்சைமர் சொல்லுக்குச் சொல் குறித்துவைத்தார்.

நுண்ணோக்கி காட்டிய உண்மை

பின்னர் அல்சைமர், புகழ்பெற்ற மனநல அறிஞர் எமில் கிரெப்பலினுடன் பணியாற்றச் சென்றார். 1903 ஆம் ஆண்டு மியூனிக் நகரை அடைந்து, அங்கு மூளை ஆய்வுக்கூடத்தை வழிநடத்தினார். சில காலம் ஊதியம் பெறாமலே உழைத்தார். பல நாடுகளிலிருந்து வந்த மாணவர் ஒவ்வொருவரின் அருகிலும் அமர்ந்து நுண்ணோக்கியில் காணக் கற்பித்தார். இத்தனை பணிகளுக்கு இடையிலும் பிராங்க்பர்ட்டிலிருந்த ஆகஸ்ட்டேயின் நலத்தைக் கேட்டறிந்து வந்தார்.

1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 8 ஆம் நாள் அப்பெண்மணி மறைந்தார். அவருடைய மூளை ஆய்வுக்காக மியூனிக்கிற்கு அனுப்பப்பட்டது. அல்சைமர் அதனை மெல்லிய துண்டுகளாக்கிச் சாயமேற்றி ஆராய்ந்தார். மூளையின் மேற்பகுதி சுருங்கியிருந்தது. நரம்பணுக்கள் பல அழிந்திருந்தன. எஞ்சிய அணுக்களுக்குள் நூற்கண்டு சிக்கியதுபோல் இழைகள் முறுக்கிக் கிடந்தன. அணுக்களுக்கு வெளியே சிறு சிறு படிவுகள் பரவியிருந்தன. மறதிக்கும் மனக்குழப்பத்திற்கும் காரணமான மாற்றங்கள் கண்முன்னே நின்றன.

அவ்வாண்டு நவம்பர் மாதம் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அல்சைமர் தம் கண்டுபிடிப்பை விளக்கினார். அவையினர் எவரும் வினா எழுப்பவில்லை. கூட்டம் அடுத்த உரைக்குச் சென்றது. அதற்காக அவர் தம் ஆய்வைக் கைவிடவில்லை. மறு ஆண்டு அதனைச் சுருக்கமான கட்டுரையாக வெளியிட்டார். 1910 ஆம் ஆண்டு கிரெப்பலின் தம் மருத்துவ நூலில் இந்நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

இறுதிக்காலம்

1912 ஆம் ஆண்டு பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் அல்சைமர் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். இன்று அந்நகரம் போலந்து நாட்டில் உள்ளது. அங்குச் செல்லும் வழியில் தொடர்வண்டியிலேயே அவர் நோயுற்றார். அந்நோய் அவருடைய இதயத்தை நலிவித்தது. 1915 ஆம் ஆண்டு டிசம்பர் 19 ஆம் நாள் அவர் மறைந்தார். அப்போது அவருக்கும் வயது 51. பிராங்க்பர்ட்டில் மனைவியின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் எழுதிய நோயாளிக் குறிப்பேடு நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 1995 ஆம் ஆண்டு பிராங்க்பர்ட் மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில் அது கண்டெடுக்கப்பட்டது. ஆகஸ்ட்டேயின் மூளைத் துண்டுகள் பதிக்கப்பட்ட கண்ணாடித் தகடுகளும் பின்னர் மியூனிக்கில் கிடைத்தன. அவற்றை மீண்டும் ஆராய்ந்தவர்கள், அல்சைமர் கண்டவை சரியானவையே என்று உறுதி செய்தனர்.

நாம் அறிய வேண்டுவன

முதுமையில் ஏற்படும் நினைவிழப்பு நோய்களுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுகிறது. வீட்டுச் சாவியை வைத்த இடத்தை மறப்பது எவர்க்கும் இயல்பு. பல்லாண்டு நடந்த தெருவில் வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது நோயின் அறிகுறியாகலாம். அந்நிலையில் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் கண்டறியப்படவில்லை. எனினும், அதற்கான வாய்ப்பைக் குறைக்கும் வழிகள் உள்ளன. நாள்தோறும் உடற்பயிற்சி செய்தல், குருதி அழுத்தத்தையும் நீரிழிவையும் கட்டுக்குள் வைத்தல், புகைபிடிக்காதிருத்தல், கேட்கும் திறன் குறைந்தால் உரிய கருவியைப் பயன்படுத்துதல், பிறரோடு கலந்து பழகுதல் ஆகியவை அவற்றுள் சில. புதியனவற்றைக் கற்பதும் மூளைக்கு நலம் பயக்கும்.

நோயுற்றவருக்குப் பழகிய இடமும் மாறாத நடைமுறையும் அமைதி தரும். பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்களில் வாழும் முதியோருக்குப் புதிய வீடும் புதிய மொழியும் குழப்பம் தரக்கூடும். அறைக்கதவுகளில் படங்களை ஒட்டுதல், பெரிய நாட்காட்டியை மாட்டுதல், முகவரிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தல் போன்றவற்றை மாணவர்களும் செய்யலாம். உண்ட சிறிது நேரத்தில் இன்னும் உண்ணவில்லை என்று பாட்டி கூறினால், அவரோடு வாதிடுதல் கூடாது. அருகில் அமர்ந்து பேச்சை மெல்ல வேறு திசைக்குத் திருப்புதல் நன்று. இரவும் பகலும் அவரைப் பேணுபவருக்கும் ஓய்வு தேவை. அப்பணியைக் குடும்பத்தினர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

ஆண்டுதோறும் செப்டம்பர் 21 ஆம் நாள் உலக அல்சைமர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நோயாளியின் மூளையை ஆராயும் முன்னர், அவர் அருகில் அமர்ந்து அவர் சொல்லைச் செவிமடுத்தவர் அல்சைமர். மருத்துவம் பயிலாதவரும் அப்பண்பைப் பின்பற்ற இயலும்.

சொல்லும் பொருளும்

பரிவு – இரக்கம்
பிதற்றல் – பொருளற்ற பேச்சு
நலிவித்தது – தளரச் செய்தது
செவிமடுத்தல் – கவனமாகக் கேட்டல்

சிந்தித்து எழுதுக

1. பிராங்க்பர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் எவ்வாறு பேணப்பட்டனர்?
2. ஆகஸ்ட்டேயின் மூளையில் அல்சைமர் கண்ட மாற்றங்கள் யாவை?
3. டூபிங்கன் கூட்டத்தின் நிகழ்விலிருந்து அல்சைமரின் எந்தப் பண்பை அறிகிறீர்கள்?
4. மறதியால் வருந்தும் முதியவர் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நீங்கள் செய்யக்கூடிய உதவிகளைப் பத்து வரிகளில் எழுதுக.