தமிழில் வைத்தியம் கற்பித்த டாக்டர் கிறீன்

நமது பாடசாலையின் நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, தாதியாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு முதலில் நினைவுக்கு வந்த பெயர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் கரவனெல்லைப் பக்கம் வந்தவரல்லர். அவர் பணி செய்த இடம் யாழ்ப்பாணத்து மானிப்பாய். ஆயினும் அவர் எதிர்கொண்ட சிக்கல் நமது தோட்டப்புறங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் இன்றும் உரியது. நோயாளியின் மொழி தெரிந்த வைத்தியரை எங்கே தேடுவது? பயிற்றிய ஊழியரை ஊரிலேயே எப்படி நிலைநிறுத்துவது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதிலேயே அவருடைய ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம் அது. அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பிற்காலத்தில் நியூயோர்க் மாநகரை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகப் போற்றப்பட்டார். தம்பியோ நியூயோர்க்கில் 1845இல் வைத்தியப் பட்டம் பெற்று, இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்க மிஷனின் வைத்தியராகக் கப்பலேறினார். 1847 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். முதலில் வட்டுக்கோட்டையிலும், அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயிலும் பணியைத் தொடங்கினார்.

யாழ்ப்பாணத்துக்கு மேலைத்தேய வைத்தியம் அன்று முற்றிலும் புதியதன்று. டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820 முதலே பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்து வந்தார். ஆனால் ஒரு வைத்தியரின் இரண்டு கைகள் எத்தனை பேருக்குப் போதும்? வாந்திபேதி பரவினால் ஒரே நாளில் பல கிராமங்களிலிருந்து ஆள் வரும். கிறீன் இதை விரைவில் உணர்ந்தார். தாம் எத்தனை நோயாளரைக் குணப்படுத்தினோம் என்பதைவிட, தமக்குப் பின் குணப்படுத்த எத்தனை பேரை விட்டுச் செல்கிறோம் என்பதே முக்கியமென்று கண்டார். 1848இலேயே உள்ளூர் இளைஞர் சிலரைச் சேர்த்து வைத்திய வகுப்பைத் தொடங்கிவிட்டார். மாணவர் காலையில் அவருடன் நோயாளரைப் பார்த்தனர், மருந்து கலந்தனர், சத்திரசிகிச்சைக்கு உதவினர், மிகுந்த நேரத்தில் பாடம் படித்தனர். வைத்தியசாலையே வகுப்பறையாயிற்று.

முதல் மாணவர் ஆங்கிலத்திலேயே கற்றனர். இதனால் ஒரு பலனும் ஒரு பாதகமும் விளைந்தன. நல்ல வைத்தியர் உருவாயினர் என்பது பலன். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியருக்கு அரசாங்க உத்தியோகம் காத்திருந்தது. நல்ல சம்பளமும் கிடைத்தது. ஆகவே பயிற்சி முடிந்ததும் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கிராமத்துக்கென்று பயிற்றப்பட்டவர் கிராமத்துக்கு எட்டாதவராயினர். கஷ்டப் பிரதேச வைத்தியசாலைகளில் பணியாற்றிய எங்களுக்கு இது பழக்கமான கதைதான். புதிதாக வரும் தாதிக்கு வார்ட்டின் வேலையெல்லாம் பழக்கி முடிக்கும் வேளையில் அவருடைய இடமாற்றக் கடிதமும் வந்து சேரும்.

கிறீன் போனவர்களைப் பழித்துக்கொண்டிருக்கவில்லை. தாம் கற்பிக்கும் முறையையே மாற்றினார். சில ஆண்டுகள் விடுமுறையில் தாயகம் சென்றிருந்த அவர், திருமணம் செய்துகொண்டு மனைவி மார்கரெட்டுடன் திரும்பி வந்தார். அவர் இல்லாத அந்த ஆண்டுகளில் மானிப்பாய்ப் பணியை அவருடைய மாணவரே நடத்தினர் என்பது கவனிக்கத்தக்கது. தலைவர் இல்லாதபோதும் வேலை நடக்கிறதா என்பதுதான் தலைமைத்துவத்துக்கு உரிய பரீட்சை. திரும்பி வந்தபின், 1864 முதல் வைத்தியக் கல்வியை முழுவதும் தமிழிலேயே கற்பிப்பதென்று அவர் துணிந்தார். தமிழில் கற்றவர் தமிழரிடையே தங்குவர், நோயாளிக்கு நோயை விளக்குவர் என்பது அவர் நம்பிக்கை. மாணவர் தங்கள் உடையையும் பழக்கவழக்கங்களையும் கைவிட்டு வெள்ளையரைப் போலாவதையும் அவர் விரும்பவில்லை.

தமிழில் கற்பிப்பதென்றால் தமிழில் நூல் வேண்டும். நூலுக்குக் கலைச்சொல் வேண்டும். கிறீன் தமிழைப் பயின்று, டான்வார்த், சப்மன் முதலிய தம் மாணவரையும் துணைக்கொண்டு மொழிபெயர்ப்பில் இறங்கினார். ஒரு சொல்லுக்கு முதலில் தமிழில் தேடுவது, அங்கு இல்லையேல் வடமொழியில் பார்ப்பது, அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவது என்று ஒழுங்கு வகுத்துக்கொண்டார். பிரசவ வைத்திய நூல் 1857இலேயே வெளிவந்திருந்தது. தாய்மாரின் துயரை அவர் முதலிலேயே கருத்திற்கொண்டார் என்பதற்கு அதுவே சாட்சி. பின்னர் 1867இல் இரண வைத்தியம், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தம், 1883இல் மனுஷ சுகரணம் என நூல்கள் தொடர்ந்தன. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் மேலைத்தேய வைத்தியம் தமிழ் பேசியது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

உடல்நலம் குன்றி 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். ஆனால் பணியை விடவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே கையெழுத்துப் பிரதிகளைக் கப்பலில் வரவழைத்துத் திருத்தி அனுப்பினார். 1884 மே 28ஆம் திகதி இறக்கும்வரை இது நடந்தது. தாம் தமிழருக்கு வைத்தியராக இருந்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம், அவ்வாறே பொறிக்கப்பட்டது. மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவருடைய வாழ்க்கையில் குறைகளும் உண்டு. அவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர் சென்றபின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நீடிக்கவில்லை. 1870இல் கொழும்பில் தொடங்கிய வைத்தியக் கல்லூரியின் ஆங்கிலமே நாட்டின் வைத்திய மொழியாயிற்று. ஒருவர் தம் தோளில் சுமந்த பணியை ஒரு நிறுவனம் பொறுப்பேற்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு இது பாடம். இன்னொன்று நம்மைப் போன்றோருக்கு நெருக்கமானது. அவருடைய வைத்திய வகுப்பில் பெண்கள் இருக்கவில்லை. பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது அவர் மறைந்து 14 ஆண்டுகளின் பின், 1898இல்தான்.

நான் எட்டாம் வகுப்பில் படித்தபோது நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். லயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு வயிற்று வலி. தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா துண்டு எழுதித் தந்து தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே அவர் சொன்னது யாருக்கும் புரியவில்லை. அவர்கள் கேட்டது அவருக்குப் புரியவில்லை. பாடசாலையில் கற்ற அரைகுறைச் சிங்களத்தோடு நான் நடுவில் நின்றேன். ஒரு பெண் தன் மகளிடம்கூடச் சொல்லக் கூசும் விஷயங்களை, 13 வயதுப் பிள்ளையான என் வாயால் சொல்லவேண்டியதாயிற்று. பெரியம்மா பாதியை மறைத்துவிட்டார் என்பது எனக்கு அன்றே தெரியும். அங்கிருந்தவர்கள் கெட்டவர்களல்லர், அவர்களுக்கு மொழிதான் இல்லை. நான் தாதியாக வேண்டுமென்று எண்ணியது அந்த வாங்கிலேதான்.

கிறீனின் வரலாற்றைப் பிற்காலத்தில் படித்தபோது, நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்த வாங்கைப் பற்றி யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. அன்பான தங்கைமாரே, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து இப்பாடசாலைக்கு வரும் உங்களில் சிலர் வைத்தியராகவும் தாதியராகவும் மருத்துவ மாதுக்களாகவும் வரவேண்டும். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், தமிழையும் கைவிடாதீர்கள். உத்தியோகம் கிடைத்தபின் சில ஆண்டுகளாவது நம் பக்கத்தில் பணி செய்யுங்கள். போகும்போது, உங்கள் இடத்தை நிரப்ப ஒருத்தியைப் பழக்கி வைத்துவிட்டுப் போங்கள்.